கரீபிய அடிமைமுறையும் பிரிட்டிஷ் வணிகர்களின் பணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நூலக வாசிப்பு வட்டத்தில் அடிமை வணிகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கப்பல்களின் கொடுமை எல்லோருக்கும் தெரிகிறது. அந்தக் கப்பலுக்குப் பணம் யார் கொடுத்தார்கள், விற்ற காசு எந்த வழியாக ஊர் திரும்பியது என்று கேட்டால்தான் தடுமாற்றம். கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் இந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

முதல்ல இடம், காலம் சொல்லுங்க. எந்தத் தீவுகள், எப்போ?

பார்படோஸில் ஆங்கிலேயர் 1627இல் குடியேறினார்கள். ஜமைக்காவை 1655இல் ஸ்பெயினிடமிருந்து பிடித்தார்கள். நெவிஸ், ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ் போன்ற சிறு தீவுகளும் அவர்கள் கையில் இருந்தன. கிரெனடா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், டொபேகோ ஆகியவை 1763இல் சேர்ந்தன. பெரும்பாலும் கரும்புதான் பயிர். அதில் உழைத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கி விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள்.

பிரிட்டிஷ் கப்பல்கள் மொத்தத்தில் சுமார் 31 லட்சம் ஆப்பிரிக்கர்களை ஏற்றின. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 27 லட்சம். இதில் பெரும்பங்கு 18ஆம் நூற்றாண்டில் நடந்தது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஓர் ஆள் ஆண்டுக்குச் சாப்பிட்ட சர்க்கரை 2 கிலோவுக்குக் கீழிருந்து 8 கிலோ அளவுக்கு உயர்ந்தது. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிமை வியாபாரம்னா கப்பல்காரங்க பண்ணதுதானே? லண்டன்ல கடை வெச்சிருந்தவருக்கு என்ன சம்பந்தம்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒரு கப்பல் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து கரீபியன் போய், ஊர் திரும்ப ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை முதல் முடங்கிக் கிடக்கும். கப்பல் திரும்பிய பிறகும் விற்ற பணம் முழுதாகக் கைக்கு வர இன்னும் இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். இவ்வளவு நீண்ட காலத்துக்குப் பணத்தை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். லண்டன், லிவர்பூல், பிரிஸ்டல், கிளாஸ்கோ வணிகர்கள் அதைத்தான் செய்தார்கள். கடன் கொடுத்தவர், உண்டியலுக்கு (ஓர் ஊரில் எழுதி இன்னோர் ஊரில் பணமாக்கும் சீட்டுக்கு) பொறுப்பேற்றவர், காப்பீடு எழுதியவர், சர்க்கரையை வாங்கி விற்றவர் என்று ஒரு கப்பலுக்குப் பின்னால் கரையிலேயே உட்கார்ந்திருந்த கூட்டம் பெரியது. கப்பல் தலைவன் இந்தச் சங்கிலியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன்.

ஒரு பயணத்துக்கு முதல் எங்கேர்ந்து வந்தது? அரசாங்கமா கொடுத்துச்சு?

தொடக்கத்தில் அரச குடும்பத்துக்கே இதில் பங்கு இருந்தது. 1672இல் பட்டயம் பெற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு இந்த வணிகத்தில் தனியுரிமை. மற்ற வணிகர்கள் சண்டை போட்டு 1698இல் அந்தத் தனியுரிமையை உடைத்தார்கள். கம்பெனிக்கு 10 சதவீதம் கட்டிவிட்டால் யாரும் கப்பல் அனுப்பலாம் என்றானது. 1712க்குப் பிறகு அந்த 10 சதவீதமும் இல்லை. முதலில் பிரிஸ்டல் மேலே வந்தது, நூற்றாண்டின் நடுவில் லிவர்பூல் அதை முந்தியது. 1790களில் பிரிட்டிஷ் அடிமைக் கப்பல்களில் நான்கில் மூன்று லிவர்பூலிலிருந்து கிளம்பின.

தனியார் பயணங்கள் பங்காளிக் கூட்டு முறையில் நடந்தன. எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று என்று கப்பலைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். பெரிய வணிகர் நாலைந்து கப்பல்களில் பங்கு வைத்திருப்பார். கயிறு விற்பவரும் மளிகைக்காரரும் ஒரு கப்பலில் சின்னப் பங்கு போட்டிருப்பார்கள். ஆப்பிரிக்காவில் கொடுத்து மாற்ற வேண்டிய சரக்கையும் பெரும்பாலும் கடனுக்கே எடுத்தார்கள்: பர்மிங்ஹாம் துப்பாக்கி, பிரிஸ்டல் பித்தளை, மான்செஸ்டர் துணி.

அந்தச் சரக்கில் நம் பக்கத்துப் பொருள்களும் இருந்தன. சோழமண்டலக் கரையில் நெய்த நீலத்துணியும் கோடுபோட்ட துணியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஏலத்தில் விலைபோய் அடிமைக் கப்பல்களில் ஏறின. அச்சடித்த இந்தியப் பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்த 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக்கு விற்கத் தடையில்லை. மாலத்தீவுச் சோழியும் அப்படித்தான் போனது. மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் சோழி நாணயமாகவே புழங்கியது.

முக்கோண வணிகம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். அதே கப்பல் சர்க்கரை ஏத்திக்கிட்டு வந்துச்சுன்னா கணக்கு அங்கேயே முடிஞ்சிருக்குமே?

முக்கோணம் என்ற படம் பொய்யில்லை, ஆனால் மூன்றாவது கோடு படத்தில் உள்ள மாதிரி நேராக இல்லை. ஆட்களை ஏற்றிவரும் கப்பல் வேறு மாதிரிக் கட்டுமானம். பல சமயம் அறுவடைக் காலத்தோடு அதன் வருகை ஒத்துப்போகாது. சர்க்கரையில் பெரும்பகுதி அதற்கென்றே லண்டனுக்கும் தீவுகளுக்கும் போய்வந்த வேறு கப்பல்களில் வந்தது. அடிமைக் கப்பல் பாதிச் சரக்கோடும், சில சமயம் அதைவிடக் குறைவாகவும் திரும்பியது.

அப்படியானால் விற்ற காசு? அது காகிதமாக வந்தது. தீவில் ஒரு முகவர் இருப்பார். அவர் ஆப்பிரிக்கர்களைத் தோட்ட முதலாளிகளுக்குக் கடனுக்கு விற்பார். கப்பல் தலைவனிடம் ரொக்கத்துக்குப் பதில் லண்டன் வணிக வீட்டின் மேல் எழுதிய உண்டியல்களைக் கொடுப்பார். செட்டிமார் உண்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: இன்ன தேதிக்கு மேல் இன்னாருக்கு இவ்வளவு தருக என்று ஓர் ஊரில் எழுதி இன்னோர் ஊரில் பணமாக்கும் சீட்டு. 12 மாதம், 24 மாதம், சிலவற்றுக்கு 36 மாதம் வரை தவணை.

அந்தச் சீட்டை லிவர்பூல் வணிகர் மூன்று ஆண்டு பெட்டியில் பூட்டி வைத்திருக்கவில்லை. லண்டன் வீடு அதில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், வங்கியில் வட்டம் (முன்கூட்டியே பணம் தருவதற்கான கழிவு) கழித்துக்கொண்டு உடனே பணமாக்கலாம். அல்லது பின்பக்கம் கையெழுத்திட்டு, துணி கொடுத்த மான்செஸ்டர் வியாபாரிக்கே கடனுக்கு ஈடாகத் தள்ளிவிடலாம். அவர் அதை நூல் விற்றவருக்குத் தருவார். லிவர்பூலும் மான்செஸ்டரும் அடங்கிய லங்காஷயரில் அந்த நாளில் உண்டியல்கள் ரூபாய் நோட்டைப் போலக் கைமாறின. ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் ஒரு பெண்ணும் குழந்தையும் விற்கப்பட்டதற்கான சீட்டில், அவர்களைக் கனவிலும் கண்டிராத ஒரு நெசவுக்காரர் தன் பாக்கியை வாங்கிக்கொண்டார். நான் இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்த ஓர் இடம்தான்.

லண்டன் வீடு எதுக்கு அந்தச் சீட்டுக்குப் பணம் கொடுக்கணும்? அவங்க என்ன தர்மத்துக்கா கொடுத்தாங்க?

சர்க்கரைக்காகக் கொடுத்தார்கள். லண்டன் வீடு என்பது பெரிய கமிஷன் மண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட முதலாளி தன் சர்க்கரையை அந்த மண்டிக்கு அனுப்புவார். மண்டி அதை இறக்கி, வரி கட்டி, விற்று, 2.5 சதவீதம் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அவர் கணக்கில் வரவு வைக்கும். அவர் கேட்கும் செப்புக் கொப்பரை, கருவிகள், துணி, மனைவியின் தொப்பிவரை வாங்கி அனுப்பும், அதற்கும் கமிஷன். புது ஆட்கள் வாங்கப் பணம் வேண்டுமா, முன்பணம் தரும். கடன் தீரும்வரை சர்க்கரை வேறு மண்டிக்குப் போகக் கூடாது என்பது பேச்சு. வட்டி ஒரு பக்கம், கமிஷன் ஒரு பக்கம். புயலிலோ போரிலோ ஓர் ஆண்டு சறுக்கினால் கடன் ஏறும். ஏறிய கடனுக்குத் தோட்டம் ஈடாகும்.

ஹென்றி லாசெல்ஸ் என்பவரின் கதையில் இது முழுதாகத் தெரியும். யார்க்ஷயர்க்காரர். 1715இல் பார்படோஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் சுங்க அதிகாரியானார். அடிமைக் கப்பல்களில் பங்கு, கடற்படைக்கு உணவு ஒப்பந்தம் என்று சேர்த்த பணத்தோடு லண்டன் வந்து ஜார்ஜ் மேக்ஸ்வெல்லோடு கமிஷன் வீடு நடத்தினார். தோட்டங்களை நடத்துவதைவிடத் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுப்பதிலேயே அவருக்கு நாட்டம். அவர் 1753இல் இறந்தார். மகன் எட்வின் 1759இல் லீட்ஸ் அருகே ஹேர்வுட் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1770களில் கடன் வாங்கியவர்கள் தவணை தவறத் தவற, ஈட்டுக்கு வந்த நிலம் குடும்பத்தின் கைக்கு மாறியது. பார்படோஸ், ஜமைக்கா, கிரெனடா, டொபேகோ தீவுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரும் அதில் உழைத்த மனிதர்களும் லாசெல்ஸ் சொத்தானார்கள்.

மனுஷங்களையே அடமானம் வெச்சாங்களா? சட்டம் எப்படி ஒத்துக்கிச்சு?

வைத்தார்கள். 1732இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டது. காலனிகளில் கடன்பட்டவரின் நிலம், வீடு, அடிமைகள் மூன்றையும் கடனுக்காக ஜப்தி செய்யலாம் என்று அது சொன்னது. கடன் கொடுத்த லண்டன் வணிகர்கள் கேட்டு வாங்கிய சட்டம் இது. அதற்கு முன் தீவுச் சட்டசபைகள் உள்ளூர் முதலாளிகளைக் காப்பாற்றும் விதமாகவே விதி வைத்திருந்தன. ஈடு உறுதியானதும் கடன் தாராளமாக ஓடியது, கடன் ஓடியதால் மேலும் மேலும் ஆட்கள் வாங்கப்பட்டார்கள்.

அடமானப் பத்திரங்களில் ஒரு பட்டியல் இணைந்திருக்கும். பெயர், வயது, என்ன வேலை தெரியும், எத்தனை பவுண்டு பெறுவார் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆட்டுமந்தைக்கும் கொதிகலனுக்கும் அடுத்த வரியில் மனிதர்கள். அதோடு, இந்தப் பெண்களுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் ஈட்டில் அடக்கம் என்று ஒரு வாசகம் வரும். பிறக்காத குழந்தை லண்டனில் ஒருவர் கொடுத்த கடனுக்குப் பிணை. கடன் தவறினால் ஏலம், ஏலத்தில் தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். தோட்டத்தில் உழைத்தவர்களுக்குச் சவுக்குக்கு நிகரான அச்சம் முதலாளியின் கடன் கணக்கு.

வங்கிகள் இதுல இருந்துச்சுன்னு சொல்றது உண்மையா, இல்ல பேச்சுக்கா?

உண்மை. ஹம்ப்ரி மோரிஸ் என்பவர் லண்டனின் மிகப் பெரிய அடிமை வணிகர்களில் ஒருவர், நாடாளுமன்ற உறுப்பினர். 1727 முதல் 1729வரை பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆளுநரும் அவரே. தன் கப்பல்களில் சிலவற்றுக்கு மனைவி, மகள்களின் பெயரை வைத்திருந்தார். 1731இல் அவர் இறந்த பிறகு கணக்கைத் திறந்தால், போலி உண்டியல்களை வங்கியில் வைத்துப் பல ஆயிரம் பவுண்டு எடுத்திருந்தது தெரிந்தது. மகள்களுக்கென்று உறவினர் விட்டுப்போன பணத்திலும் கை வைத்திருந்தார்.

அதே வங்கி 1770களில் கிரெனடாவில் இரண்டு தோட்டங்களுக்கு உரிமையாளராக இருந்தது. கடன் வாங்கிய ஒரு வணிக வீடு திருப்பிக் கட்டவில்லை, ஈடு வங்கிக்கு வந்தது. அந்த ஈட்டில் 599 மனிதர்கள். வங்கியே தன் ஆவணங்களைத் தேடி இதைச் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டது.

லிவர்பூலில் அடிமை வணிகர்களே வங்கியாளர்களாக மாறினார்கள். ஹேவுட் சகோதரர்கள் 1773இல் தொடங்கிய வங்கி, பல கைமாறி 1969இல் பார்க்ளேஸோடு சேர்ந்தது. மூன்று முறை மேயராக இருந்த தாமஸ் லேலண்ட், அடிமை வணிகம் தடைசெய்யப்பட்ட அதே 1807இல் வங்கி தொடங்கினார். உண்டியலை மதிப்பிடத் தெரிந்தவருக்கு வங்கி நடத்தத் தனியாகப் பாடம் வேண்டியதில்லை.

காப்பீடு எப்படி? செத்துப்போன ஆளுக்குக் காசு கொடுத்தாங்களாமே?

கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். கடல் காப்பீட்டில் அடிமைகள் சரக்கு. ஆனால் நோயில் இறந்தால் இயற்கை மரணம், உரிமையாளருக்கு இழப்பீடு கிடையாது. மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டிச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால் இழப்பீடு உண்டு. 1781இல் சோங் என்ற கப்பலில் நடந்த படுகொலைக்கு இந்த வேறுபாடுதான் அடிப்படை.

லிவர்பூலின் முன்னாள் மேயர் வில்லியம் கிரெக்சனின் கூட்டுக்குச் சொந்தமான கப்பல் அது. அளவுக்கு மீறி 442 ஆப்பிரிக்கர்களை ஏற்றியிருந்தது. வழி தவறி ஜமைக்காவைத் தாண்டிப் போய்விட்டது. தண்ணீர் பற்றாது என்று காரணம் சொல்லி, நவம்பர் கடைசியில் தொடங்கி அடுத்தடுத்த நாள்களில் சுமார் 130 பேரை உயிரோடு கடலில் தள்ளினார்கள். இடையில் மழை பெய்தது. அதன் பிறகும் தள்ளினார்கள். கப்பல் ஜமைக்கா சேர்ந்தபோது அதில் தண்ணீர் மிச்சம் இருந்தது. உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1783இல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டாளர்கள் மேல்முறையீட்டுக்குப் போனதும் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்ட் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார்.

எந்த நிலையிலும் இது கொலை வழக்காக நடக்கவில்லை, காப்பீட்டு வழக்காகவே நடந்தது. செய்தியை அடிமைமுறை எதிர்ப்பாளர் கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோனவர் ஒலாடா எக்வியானோ, ஒரு காலத்தில் அடிமையாக இருந்து தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கியவர். கொலை வழக்குத் தொடர ஷார்ப் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. இப்படிப்பட்ட காப்பீடுகள் எழுதப்பட்ட முக்கிய இடங்களில் ஒன்று லாயிட்ஸ், முதலில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக் கடை. அந்த நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

கப்பலும் இல்ல, தோட்டமும் இல்ல. அப்படிப்பட்ட சாதாரண ஆளுக்கும் இதுல பணம் இருந்திருக்குமா?

இருந்தது. 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையின்படி, ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளுக்கு 30 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 4,800 அடிமைகளைத் தரும் உரிமை பிரிட்டனுக்கு வந்தது. அது சவுத் சீ கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பங்குகளை விதவைகளும் பாதிரியார்களும் பிரபுக்களும் வாங்கினார்கள். 1720இல் விலை வானுக்கு ஏறிச் சரிந்தது. ஐசக் நியூட்டன் பெரிய தொகையை இழந்தார். சரிவதற்கு முன் விற்றுச் சம்பாதித்த தாமஸ் கை (Guy) என்பவரின் பணத்தில் லண்டனில் கைஸ் மருத்துவமனை எழுந்தது. ஏழைப் பாதிரியார்களுக்கு உதவ அமைத்த ராணி ஆன் நிதியும் அந்தக் கம்பெனியில் முதலீடு செய்திருந்தது. அதன் வாரிசான இங்கிலாந்துத் திருச்சபை ஆணையம் 2023இல் இதற்காக 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது.

தோட்டங்களுக்குத் தீவனம்போல அனுப்பிய பொருள்களிலும் ஊர் ஊராகப் பிழைப்பு இருந்தது. ஸ்காட்லாந்தின் உப்பு ஹெர்ரிங் மீன், அயர்லாந்தின் உப்பு மாட்டிறைச்சி, வேல்ஸில் நெய்த முரட்டுக் கம்பளித் துணி. கடைசியாகச் சொன்னது அடிமைகளுக்கு உடுக்கக் கொடுப்பதற்கென்றே நெய்யப்பட்டது. நெய்தவர்களும் ஏழைகள்தாம்.

ஒரு பயணத்துல போட்ட பணம் இரட்டிப்பாகும்னு ஒரு வீடியோல பார்த்தேன். நிஜமா?

சில பயணங்களில் ஆனது. சிலவற்றில் மொத்தமும் போனது. கப்பல் மூழ்கும், பிரெஞ்சுக்காரர் பிடிப்பார்கள், கப்பலில் இருப்பவர்கள் கிளர்ந்தெழுவார்கள், நோய் பரவும். கணக்கேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் சராசரி லாபத்தை ஆண்டுக்கு 8 முதல் 10 சதவீதம் என்று மதிப்பிடுகிறார்கள். அரசுக் கடன்பத்திரம் 3, 4 சதவீதம் தந்த காலம் அது.

இந்தப் பதில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. பேராசை பிடித்த சிலரின் சூதாட்டம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, நிதானமான குடும்பஸ்தர்கள் கணக்குப் பார்த்து நுழைந்த தொழில் இது.

ஆப்பிரிக்க ராஜாக்களே வித்தாங்களே, அப்போ வெள்ளைக்காரங்களை மட்டும் குறை சொல்றது சரியா?

விற்றார்கள், மறைக்க ஒன்றுமில்லை. அங்கும் கடன் ஓடியது. கப்பல் தலைவன் துணியும் துப்பாக்கியும் முன்கடனாகக் கொடுப்பான். கரையோர வணிகர் உள்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவார். கலாபார் துறைமுகத்தில் அதற்குப் பிணையாக உறவினர்களையே கப்பலில் விட்டார்கள். குறித்த நாளில் ஆள் வராவிட்டால் பிணையாளும் அடிமை. அந்தக் கடனின் மறுமுனை எங்கே இருந்தது என்பது மேலே உண்டியல் பற்றிய பதிலில் இருக்கிறது.

அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே நினைச்சாங்க? இப்போ உட்கார்ந்து தப்புன்னு சொல்றது ஈஸி.

எல்லோரும் என்று கணக்கெடுக்கும்போது அடிமைப்பட்டவர்களையும் சேர்க்க வேண்டும். 1760இல் ஜமைக்காவில் டாக்கி என்பவர் தலைமையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். இது தவறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிரிட்டனுக்குள்ளும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1783இல் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1791இல் அடிமை வணிகத் தடை மசோதா 163க்கு 88 என்று தோற்றது. அதன் பிறகு லட்சக்கணக்கானோர் கரீபியச் சர்க்கரையை வீட்டில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள், அதில் பெரும்பங்கு பெண்களுடையது. குவேக்கர் வங்கியாளர் டேவிட் பார்க்ளேயின் கைக்குக் கடனுக்கு ஈடாக ஜமைக்காவில் ஒரு கால்நடைப் பண்ணை வந்தது. அதிலிருந்த சுமார் 30 பேரை அவர் 1795இல் விடுவித்து ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினார். ஈடாக வந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தக் காலத்திலேயே இரண்டு விடைகள் இருந்தன. பெரும்பாலோர் மற்றதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிரிஸ்டல் வணிகர் ஜான் பின்னி அப்படிப்பட்டவர். நெவிஸ் தீவில் 1765இல் பீரோ என்ற 12 வயதுச் சிறுவனை இரண்டு தங்கைகளோடு விலைக்கு வாங்கினார். 1783இல் பிரிஸ்டல் திரும்பி, சர்க்கரை மண்டியும் தோட்ட அடமானக் கடனுமாகச் செழித்தார். பீரோ அவருக்குப் பணிவிடை செய்தே, விடுதலை கிடைக்காமலே, 1798இல் இறந்தார். பின்னியின் வீடு இன்று அருங்காட்சியகம். நகரத் துறைமுகத்தில் 1999இல் திறந்த நடைபாலத்துக்கு பீரோவின் பெயர்.

இவ்வளவு எதிர்ப்பு இருந்தும் அரசாங்கம் ஏன் உடனே நிறுத்தல?

அரசாங்கத்துக்குள்ளேயே அவர்கள் இருந்தார்கள். ஜமைக்காவில் சுமார் 3,000 பேரை அடிமைகளாக வைத்திருந்த வில்லியம் பெக்ஃபோர்ட் நாடாளுமன்ற உறுப்பினர், 1762இலும் 1769இலும் லண்டன் மேயர். அவரைப்போல் பலர். வேற்று நாட்டுச் சர்க்கரைக்குக் கடும் வரி போட வைத்துத் தங்கள் சர்க்கரையைக் காத்துக்கொண்டார்கள். கூடுதல் விலையைச் சாதாரண பிரிட்டிஷ் குடும்பங்கள் கொடுத்தன. வணிகம் 1807இல்தான் தடைசெய்யப்பட்டது. ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்கள் அதற்குப் பிறகும் அடிமைகள்.

தொழிற்புரட்சியே இந்தக் காசுலதான் வந்துச்சுங்கிறாங்களே?

1944இல் எரிக் வில்லியம்ஸ், பின்னாளில் டிரினிடாட் டொபேகோவின் முதல் பிரதமரானவர், இந்த வாதத்தைப் பெரிய அளவில் முன்வைத்தார். அடிமை வணிக லாபத்தை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் நாட்டின் மொத்த முதலீட்டில் அது சின்னப் பங்கு என்று பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள். விவாதம் இன்னும் ஓடுகிறது.

என் கருத்தைச் சொல்கிறேன். லாபத்தை மட்டும் எடைபோடுவது போதாது. உண்டியல் புழக்கம், நீண்டகாலக் கடன், கடல் காப்பீடு, ஏற்றுமதிச் சந்தை, சுங்க வருமானம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். லங்காஷயர் ஆலைக்காரர்கள் புழங்கிய கடன் பழக்கம் லிவர்பூல் துறைமுகத்தோடு பின்னிக் கிடந்தது. இது மட்டுமே காரணம் என்பதும் மிகை, இது இல்லாமலும் அப்படியே நடந்திருக்கும் என்பதும் நம்பும்படி இல்லை.

அடிமை முறையை ஒழிச்சப்போ நஷ்டஈடு கொடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேன். அது அடிமைகளுக்குத்தானே?

இல்லை. உரிமையாளர்களுக்கு. 1833 சட்டம் 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுமார் 8 லட்சம் மனிதர்களுக்கு ஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அந்த ஆண்டு அரசுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். அதில் 1.5 கோடியை நேதன் ராத்ஸ்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரியும் அரசுக்குக் கடனாகத் திரட்டிக் கொடுத்தார்கள். விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை, 1838வரை பழைய முதலாளியிடமே பயிற்சிப் பணியாளர் என்ற பெயரில் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது.

வங்கி நண்பர்கள் இங்கே சரியாகக் கேட்பார்கள்: தோட்டம் அடமானத்தில் இருந்தால் நஷ்டஈடு யாருக்கு? அடமானத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கு. அதனால்தான் தொகையில் சுமார் பாதி தீவுகளுக்கே போகாமல் பிரிட்டனில் இருந்தவர்களின் கையில் நின்றது. ஹேர்வுட் பிரபுவாகிவிட்டிருந்த லாசெல்ஸ் வாரிசுக்கு 1,277 பேருக்காகச் சுமார் 26,000 பவுண்டு. நஷ்டஈட்டுக்காக அரசு வாங்கிய கடனின் எச்சம் பிரிட்டிஷ் அரசின் பழைய கடன்பத்திரங்களோடு சேர்ந்து தொடர்ந்தது. முற்றிலும் தீர்ந்தது 2015இல். பிரிட்டனில் வரி கட்டிய கரீபிய வம்சாவளியினரும் அதில் பங்கு கட்டியிருக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் அவங்க கதை. தமிழர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

துணி, சோழி பற்றி மூன்றாவது பதிலில் சொல்லிவிட்டேன். அந்தத் துணியின் ஒரு வகை, கட்டம்போட்ட மெட்ராஸ் கைக்குட்டை, கரீபியப் பெண்களின் தலைக்கட்டாகி, இன்று டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளின் தேசிய உடையில் நிற்கிறது. அதை மெட்ராஸ் என்றேதான் அழைக்கிறார்கள்.

1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. நம் ஊர்ப் பண்ணையடிமைகளுக்கு அந்த ஆகஸ்ட் 1 விடியவில்லை. இந்தியாவில் 1843வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது ஜான் கிளாட்ஸ்டன், லிவர்பூல் வணிகர், பின்னாள் பிரதமரின் தந்தை. நஷ்டஈட்டில் மிக அதிகம் பெற்றவர்களில் ஒருவர், 2,500க்கும் மேற்பட்டவர்களுக்காக ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டி வாங்கினார். ஆட்கள் கைவிட்டுப் போவார்கள் என்று முன்கூட்டியே கல்கத்தாவுக்கு எழுதி ஒப்பந்தக் கூலிகளுக்கு ஏற்பாடு செய்தார். 1838இல் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் அவர்களை பிரிட்டிஷ் கயானாவில் இறக்கின. 1840களில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. கயானாவில் இன்றும் நடக்கும் மாரியம்மன் வழிபாடு அந்தக் கப்பல்களில் போனவர்கள் கொண்டுசென்றது.

நானே தேடிப் பார்க்கலாமா? இங்கிலீஷ் சுமாராத்தான் வரும்.

தாராளமாக. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் நஷ்டஈடு பெற்றவர்களின் பதிவேட்டை 2013 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரோ தீவோ தோட்டமோ தட்டினால் போதும், எத்தனை பேருக்கு எவ்வளவு தொகை என்று எண்களில் வரும். யார் என்ன தகுதியில் பெற்றார் என்ற இடத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். அங்கே அடமானம் பெற்றவர் (mortgagee), அதாவது ஈட்டின் மேல் கடன் கொடுத்தவர், என்று இருந்தால், அதற்கு முன்னால் ஒரு கணக்கேடு, ஒரு கமிஷன் வீடு, சில உண்டியல்கள் இருந்திருக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம்.